முதுகுக்கு லீவு விடுங்கள்!

தம்பி, தங்கைகளே! முதலில் ஒரு குட்டிக் கதை. உங்கள் தாத்தா, பாட்டிக்குத் தெரிந்த பழைய கதைதான். கொஞ்சம் நம்ம ஊர்ப் பக்கமாக மாற்றிச் சொல்கிறேன்.

பெரியவர் ஒருவர் வெல்ல மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். வெயிலோ கொளுத்துகிறது. பின்னால் ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க, இந்த வெயில்ல எதுக்கு நடக்கறீங்க? வண்டியில ஏறிக்குங்க" என்றார்.

பெரியவரும் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். மூட்டை இன்னும் பெரியவர் தலை மேலேயே இருந்தது!

"மூட்டையைக் கீழே இறக்கி வையுங்க!"

"பாவம்ங்க, மாடு என்னை இழுக்கறதே பெரிசு. மூட்டையையும் அதே இழுக்கோணுமா? அதை நானே சுமந்துக்கறனுங்க!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. காலையில் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறீர்களே, அப்போது உங்கள் புத்தகப் பை எங்கே இருக்கிறது?

முதுகிலா? அப்படியானால் அந்தப் பெரியவர் வேறு யாரும் இல்லை. நீங்கள்தான்!

சுமப்பது யார்?

பை உங்கள் முதுகில் இருக்கிறது. நீங்கள் சைக்கிள் மேல் இருக்கிறீர்கள். ஆக, பையின் எடையும் கடைசியில் சைக்கிள் டயர் மேல்தான் போய்ச் சேருகிறது. பையை முதுகில் மாட்டினாலும், பின்னால் கேரியரில் கட்டினாலும் சைக்கிளுக்கு மொத்த எடை ஒன்றுதான். ஒரு கிராம்கூடக் கூடாது, குறையாது.

பிறகு என்ன வித்தியாசம் என்கிறீர்களா? நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது யார் என்பதுதான் வித்தியாசம்.

பை முதுகில் இருந்தால் அதன் எடை முதலில் உங்கள் தோளில் இறங்குகிறது. அங்கிருந்து முதுகெலும்பு வழியாக இடுப்புக்கு வருகிறது. பிறகுதான் சீட்டுக்கும் சக்கரத்துக்கும் போகிறது. ஹேண்டில்பாரைப் பிடிக்க முன்னால் குனிகிறீர்கள் அல்லவா? அப்போது பையும் உங்களோடு சேர்ந்து சாய்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க முதுகுத் தசைகள் வழி முழுக்க இழுத்துப் பிடித்தபடி வேலை செய்ய வேண்டும். உள்ளங்கைகளிலும் அழுத்தம் கூடும். பள்ளிக்குப் போய் இறங்கியதும் கழுத்தைத் தடவி விட்டுக்கொள்கிறோமே, காரணம் இதுதான்.

கேரியரில் கட்டிவிட்டால் பையின் எடை நேராகச் சக்கரத்துக்குப் போய்விடும். தோளுக்கும் முதுகுக்கும் லீவு!

இன்னும் சில லாபங்கள் உண்டு. முதுகில் பை ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் காற்றுப் படாது. வியர்வை காயாது. சட்டை நனைந்து வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்கும். பை இல்லாத முதுகில் காற்றுப் பட்டால் வியர்வை ஆவியாகி உடம்பு குளிரும். அதோடு, ரோட்டைக் கடக்கும் முன் பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். புடைத்த பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பாருங்கள். பாதிதான் திரும்ப முடியும். முதுகு காலியாக இருந்தால் தாராளமாகத் திரும்பலாம்.

ஆடிக்காற்று பாடம்

பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் காற்று!

வடக்கே நீலகிரி மலை, தெற்கே ஆனைமலை. இரண்டுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பெரிய இடைவெளி. அதைத்தான் பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். அகலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து கிளம்பி வரும்போது மற்ற இடங்களில் மலை குறுக்கே நிற்கிறது. இங்கே மட்டும் கதவு திறந்து கிடக்கிறது. விடுமா காற்று? உள்ளே புகுந்து வீசுகிறது.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காடு ரோட்டில் மேற்குப் பார்த்துச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சும்மாவா சொன்னார்கள்? எதிர்காற்றில் தலையைத் தாழ்த்தி, உடம்பை வளைத்துத்தான் மிதிக்க வேண்டும். அப்படி வளைந்தால் முதுகில் இருக்கும் பை என்ன செய்யும்? சறுக்கிக்கொண்டு பிடரிக்கு வரும். நிமிர்ந்தால் காற்று தள்ளும், குனிந்தால் பை தள்ளும்!

முதலில் எடை போடுங்கள்

பையைக் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதை எடை போட வேண்டும்.

எடை மெஷினில் பையோடு ஏறி நில்லுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பை இல்லாமல் ஏறுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பையின் எடை வந்துவிடும்.

உதாரணத்துக்கு, உங்கள் எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பை 4 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்பது மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை. அதன்படி 6, 7 வகுப்புகளுக்கு 2 முதல் 3 கிலோ. 8ஆம் வகுப்புக்கு 2.5 முதல் 4 கிலோ. 9, 10 வகுப்புகளுக்கு 2.5 முதல் 4.5 கிலோ. 

பிள்ளைகளின் பைக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்த ஓர் எழுத்தாளரை உங்களுக்குத் தெரியுமா? மால்குடி என்ற கற்பனை ஊரையும், அங்கே வாழும் சுவாமி என்ற குறும்புக்காரச் சிறுவனையும் படைத்த ஆர்.கே.நாராயண்தான் அவர். மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், 1989-இல் தம் முதல் பேச்சை எதற்காகச் செலவிட்டார் தெரியுமா? தமக்காகவோ, எழுத்தாளர்களுக்காகவோ அல்ல. பள்ளிப் பையின் பாரத்தால் கூன் விழுந்து நடக்கும் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்காக!

அதன் பிறகு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 1993-இல் அறிக்கை கொடுத்தது. பையின் பாரத்தைவிடப் பெரிய பாரம், புரியாமல் படிப்பது என்று அந்த அறிக்கை சொன்னது. தமிழகத்திலும் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. வருடம் முழுவதற்குமான தடித்த புத்தகங்களைப் பருவத்துக்கு ஏற்பப் பிரித்ததால் பையின் கனமும் குறைந்தது.

இத்தனை பெரியவர்கள் யோசித்திருக்கிறார்கள். நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? இன்றைக்கு டைம்டேபிளில் இல்லாத புத்தகம், போன வருட நோட்டு, பாதி எழுதிய மூன்று ரஃப் நோட்டு, எதற்கு என்றே தெரியாத கல் இரண்டு... எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கேரியரில் கட்டப்போகிறோம் என்பதற்காகப் பையைக் கனமாக்கிக்கொள்ளாதீர்கள். பள்ளி வாசலில் இருந்து மாடிப்படி ஏறி வகுப்புக்குப் போகும்போது அதைச் சுமக்கப் போவது உங்கள் முதுகுதான்!

பால்காரர்தான் வாத்தியார்

சைக்கிளில் பாரம் ஏற்றுவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம். நம் ஊரில் பல காலமாகச் சைக்கிளில் பால் கொண்டுபோனவர்களையும், இளநீர்க் குலைகளைக் கட்டிக்கொண்டு போனவர்களையும் நினைத்துப் பாருங்கள். பால் கேன்களைத் தலைக்கு மேலா அடுக்கினார்கள்? இல்லை. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும், தாழ்வாக, சமமாகத் தொங்கவிட்டார்கள்.

"பாரம் தாழ இருக்கோணும் கண்ணு. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கோணும். ஆடக் கூடாது" - இப்படித்தான் அவர்கள் சொல்வார்கள். இந்த மூன்றுக்குள் ஓர் அறிவியல் பாடமே அடங்கியிருக்கிறது.

செய்து பாருங்கள்: ஓர் அடி ஸ்கேலை மேஜை மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அடியை அசையாமல் பிடித்துக்கொண்டு, லேசாகப் பக்கவாட்டில் சாயுங்கள். மேல் முனை எவ்வளவு தூரம் நகர்ந்தது? 5 சென்டிமீட்டர் குறியீடு எவ்வளவு நகர்ந்தது? மேல் முனைதான் அதிகம் நகர்ந்திருக்கும். சைக்கிளும் அப்படித்தான். ரோட்டில் நின்று கிளம்பும்போது வண்டி கொஞ்சம் சாயும். உயரத்தில் இருக்கும் எடை அதிகம் பக்கவாட்டில் போய், வண்டியைக் கீழே இழுக்கும். தாழ இருக்கும் எடை அவ்வளவாக இழுக்காது.

ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் பையைத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. அது கூடவே கூடாது. ஹேண்டில் அந்தப் பக்கமே இழுக்கும். வளைவில் பை முட்டியில் இடிக்கும். முன் சக்கரத்தில் மாட்டினால் ஆளோடு குப்புறத் தள்ளிவிடும்.

முன்னால் கூடை இருக்கிறதா? சின்னச் சாமான்களுக்கு அது வசதி. ஆனால் கனமான பையை அதில் வைத்தால் ஹேண்டிலைத் திருப்புவது கஷ்டம். கனமானது பின்னால், லேசானது முன்னால். இதுதான் விதி.

கட்டுவது எப்படி?

இப்போது முக்கியமான விஷயம். நன்றாகக் கவனியுங்கள். பையை முதுகில் சுமந்தால் வலிதான் வரும். சரியாகக் கட்டாமல் கேரியரில் வைத்தால் விபத்தே வரும்! பையின் வார் ஒன்று நழுவிப் போக்ஸ் கம்பிக்குள் போய்விட்டால் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். பின்னால் வருவது பஸ்ஸாக இருந்தால்? அதனால் அவசரம் வேண்டாம். காலையில் ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள்.

1. சைக்கிளைச் சமதளத்தில், நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டு மட்டும் இருந்தால், பாரம் ஏறியதும் வண்டி சாயலாம். தம்பியையோ அக்காவையோ பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2. பைக்குள் கனமான புத்தகங்கள் அடியில் இருக்கட்டும். எல்லா ஜிப்பையும் மூடுங்கள்.

3. பையைக் கேரியரின் நீளவாட்டில் படுக்க வையுங்கள். குறுக்காக வைத்தால் ஆட்கள் மேல் இடிக்கும். பையின் அடிப்பக்கம் சீட்டை ஒட்டி இருக்கட்டும். கனம் உங்கள் பக்கம் இருந்தால் வண்டி ஆடாது.

4. தோள் வார்கள் மேலே தெரியும்படி வைத்து, இரண்டையும் சேர்த்து முடிந்துவிடுங்கள். நீளமாகத் தொங்கும் நுனிகளைப் பைக்கு அடியில் செருகுங்கள். கீழே ஒரு நுனிகூடத் தொங்கக் கூடாது.

5. பழைய சைக்கிள் டியூபை நீளமாக நறுக்கித் தருவார் சைக்கிள் கடைக்காரர். அதைவிட நல்ல கயிறு இல்லை! நம் பொள்ளாச்சித் தென்னை நார்க் கயிறு உறுதியானதுதான். ஆனால் ரப்பர் அளவுக்கு அது நீண்டு சுருங்காது. வண்டி குலுங்கக் குலுங்க முடிச்சு தளரலாம். ரப்பரோ பை அசைந்தாலும் கூடவே நீண்டு, மறுபடி சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். பெருக்கல் குறி போல் இரண்டு சுற்று சுற்றி, கேரியர் கம்பியில் முடியுங்கள். மிச்ச நுனியையும் உள்ளே செருகுங்கள்.

6. கேரியரோடு வரும் ஸ்பிரிங் கிளிப்பை மட்டும் நம்பாதீர்கள். அது ஒரு நோட்டைப் பிடிக்கும். புடைத்த பையைப் பிடிக்காது.

கண் ஜாக்கிரதை!

கடைகளில் இரண்டு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு விற்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் இழுக்கும்போது கொக்கி கை நழுவினால், கவணில் இருந்து கிளம்பிய கல் மாதிரி பாய்ந்து வரும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். அதனால் முகத்தை நேராக அதன் மேல் வைக்காதீர்கள். கொக்கி கம்பியில் நன்றாக மாட்டும்வரை கையை எடுக்காதீர்கள். முதல் சில நாட்கள் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்று தேர்வுகள்

கட்டியாகிவிட்டதா? உடனே ஏறிவிடாதீர்கள். பைக்கு மூன்று தேர்வு வையுங்கள்.

குலுக்கல் தேர்வு: கேரியரைப் பிடித்துப் பலமாகக் குலுக்குங்கள். பை நகர்ந்தால் ஃபெயில். மறுபடி கட்டுங்கள்.

சுழல் தேர்வு: ஸ்டாண்டில் வைத்தபடியே பெடலைக் கையால் சுற்றுங்கள். பின் சக்கரம் எதிலும் உரசாமல் சுற்ற வேண்டும். விரலைச் செயினுக்கும் போக்ஸ் கம்பிக்கும் அருகே கொண்டுபோகாதீர்கள்.

பிரேக் தேர்வு: ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்துங்கள். இறங்கி, பை அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றிலும் பாஸ் என்றால் கிளம்பலாம். ஒரு சின்னச் சங்கதி. காலைப் பின்னால் வீசி ஏறும் பழக்கம் உள்ளவர்களே, கால் பையில் தட்டும்! முதல் இரண்டு நாள் வீட்டு வாசலிலேயே ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று வண்டியை இடமும் வலமும் ஆட்டி மிதிக்காதீர்கள். பின்னால் பாரம் இருப்பதால் வண்டி தள்ளாடும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சாம்பார் ஆபத்து!

பையைப் படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் டிபன் பாக்ஸும் படுத்துவிடும். பிறகென்ன? கணக்கு நோட்டு முழுக்க சாம்பார் வாசனைதான்! அதனால் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் வைக்காதீர்கள். முன்கூடையில் நிமிர்த்தி வையுங்கள். முன்கூடை இல்லாதவர்கள், பாட்டி பின்னிய சின்ன ஒயர் கூடையைக் கேட்டு வாங்கி, பைக்குப் பின்னால் கேரியரில் நிமிர்த்தி வைத்து இறுக்கிக் கட்டுங்கள்.

கேரியரில் குலுக்கல் அதிகம். பென்சில் முனை உடையும். பைக்கு அடியில் ஒரு பழைய துண்டை மடித்துப் போடுங்கள். சாரல் காலத்தில் சக்கரம் சேற்றை வாரி அடிக்கும். மட்கார்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரித்து, அதற்குள் புத்தகங்களை வைத்தால் மழைக்கும் பயமில்லை. வழியில் கடையில் நின்றால், பையை அவிழ்த்துக் கையோடு எடுத்துப் போங்கள்.

சைக்கிள் சுமந்த கதைகள்

சைக்கிள் சாதாரணப் பொருள் இல்லை. 1954-இல் வியட்நாமில் தியன் பியன் பூ என்ற இடத்தில் பெரிய போர் நடந்தது. மலைக்காட்டில் லாரி போக முடியாத பாதைகளில், வியட்நாம் மக்கள் சைக்கிளில்தான் அரிசியும் மற்ற பொருள்களும் கொண்டுபோனார்கள். ஒரே சைக்கிளில் 200 கிலோவுக்கும் மேல்! ஏறி மிதிக்கவில்லை. ஹேண்டிலில் மூங்கில் கழியைக் கட்டிப் பிடித்து, பக்கத்தில் நடந்தபடி தள்ளிக்கொண்டே போனார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள், கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறினார்கள். அதுவரை இடுப்பில் சுமந்த தண்ணீர்க் குடம் கேரியருக்குப் போனது.

தமிழக அரசு 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது மற்ற மாணவ, மாணவியருக்கும் விரிந்தது. தொலைதூரத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து களைக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். கால் களைப்பைப் போக்க வந்த சைக்கிள், முதுகு களைப்பையும் போக்கத் தயாராக நிற்கிறது. நாம்தான் மூட்டையை இறக்க வேண்டும்!

என்ன, நாளைக் காலையில் வெல்ல மூட்டைப் பெரியவர் மாதிரி போகப் போகிறீர்களா? இல்லை, பால்காரர் மாதிரி போகப் போகிறீர்களா? இன்று மாலையே பையை எடை போடுங்கள். சைக்கிள் கடைக்குப் போய் ஒரு துண்டு பழைய டியூப் கேளுங்கள். கட்டிப் பழகுங்கள். பிறகு உங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் கட்டக் கற்றுக் கொடுங்கள். அவன் முதுகும் பாவம்தானே!